பொறுப்பு முந்தியா, பட்டம் முந்தியா?



1938 டிசம்பரில் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், உலக மிஷனரி மாநாடு கூடியது. மேலைநாட்டாரே கூடி மற்றவர்களைப் பற்றிப் பேசிக் கலைந்த பழைய மாநாடுகளைப் போல் அல்லாமல், ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளின் பேராளர்கள் அங்கே ஏறத்தாழச் சரிபாதியாக இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, பூசி மெழுகாத ஓர் ஒப்புதலும் அங்கிருந்து வந்தது. கிறிஸ்தவப் பணி முழுவதிலும் மிகப் பலவீனமான இடங்களில் குருமார் பயிற்சியும் ஒன்று என்று மாநாட்டு அறிக்கை சொல்லிவிட்டது. தரங்கம்பாடிக் கரையில் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் இறங்கி அப்போது 232 ஆண்டுகள் ஆகியிருந்தன. இத்தனை காலத்துக்குப் பிறகும் உள்ளூர்த் தலைவர்களை உருவாக்கும் வேலை ஏன் தள்ளாடியது? பணம் போதவில்லை, ஆசிரியர் இல்லை, தாய்மொழியில் நூல் இல்லை என்று வழக்கமான விடைகள் உண்டு. 1957-58இல் கானாவின் அக்ராவில் கூடிய அடுத்த தலைமுறை மாநாடு இந்த விடைகளை அப்படியே ஏற்று, ராக்ஃபெல்லர் குடும்பத்தின் 20 லட்சம் டாலரோடு மிஷன் சங்கங்களின் பங்கையும் சேர்த்து 40 லட்சம் டாலரில் இறையியல் கல்வி நிதியம் ஒன்றைத் தொடங்கியது. நூலகங்கள் வளர்ந்தன, கட்டடங்கள் எழுந்தன. அவை வேண்டாத காரியங்கள் அல்ல. ஆனால் நோய் அங்கே இல்லை என்று நினைக்கிறேன். ஒரு பண்பாட்டிலிருந்து இன்னொரு பண்பாட்டுக்குப் போய்த் தலைவர்களை உருவாக்க முயன்றவர்கள் கற்பிப்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. பொறுப்பை ஒப்படைப்பதில்தான் காட்டினார்கள். படித்து முடி, பிறகு பொறுப்புத் தருகிறோம் என்ற வரிசை வைத்த இடங்களில் படித்தவர்கள் கிடைத்தார்கள், தலைவர்கள் கிடைக்கவில்லை. பொறுப்பு முதலில் தோளில் ஏறி, பாடம் அதன் பின்னால் வந்த இடங்களில் இரண்டும் கிடைத்தன. இதை நிறுவுவதே இன்றைய என் முயற்சி. இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் சில வலுவானவை. அவற்றையும் எதிர்கொள்ள வேண்டும்.

தரங்கம்பாடியிலிருந்தே தொடங்கலாம். 1706இல் வந்த அந்த முதல் மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்கு, உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 1716இலேயே ஒரு சிறு பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1718இல் அவர் கையால் ஞானஸ்நானம் பெற்ற கடலூர்க்காரர் ஆரோன், 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்ட் குருமாரில் அவரே முதல்வர். இடைப்பட்ட 15 ஆண்டுகளும் அவர் பள்ளி பெஞ்சில் கழியவில்லை. உபதேசியாராக ஊர் ஊராகச் சுற்றினார். தஞ்சை அரசரின் ஆட்சிப்பகுதிக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாது. தரங்கம்பாடி எல்லை தாண்டினால் தடை. ஆகவே எல்லைக்கு அப்பால் சபை என்று ஒன்று உருவானதெல்லாம் தமிழ் உபதேசியார்களின் கால்நடையாலும் வாய்ச்சொல்லாலும்தான். செபம் நடத்துவது, நோயாளியைப் பார்ப்பது, சண்டையைத் தீர்ப்பது, அடக்கம் செய்வது எல்லாம் அவர்கள் வேலை. ஞானஸ்நானமும் திருவிருந்தும் மட்டும் அவர்கள் கைக்கு எட்டாதவை. அவற்றுக்காக மக்கள் தரங்கம்பாடிக்கு நடக்க வேண்டும். 1733இல் நடந்தது என்னவென்றால், ஏற்கெனவே குருவாக இருந்த ஒருவரைக் குரு என்று அறிவித்ததுதான். மிஷனரிகளின் தாராளத்தைவிட அரசரின் தடைதான் ஆரோனை உருவாக்கியது என்றால் அது குறும்பாகத் தோன்றலாம். ஆனால் சான்று அந்தப் பக்கமே சாய்கிறது.

திருநெல்வேலி இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பாளையங்கோட்டையின் முதல் சபை, 1778இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவையைச் சுற்றி எழுந்தது. 1785இல் பிரதிஷ்டையான ஆலயமும் அவர் முயற்சியில் கட்டியதே. அந்தச் சபையை மேய்த்த சத்தியநாதன் 1790 டிசம்பரில் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த பத்தாண்டில் தெற்கே தேரிக்காட்டு ஓரத்து ஊர்களில் இயக்கம் பரவி, 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் குடியிருப்பு எழுந்தது. 1802 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வளவு பெரிய அறுவடைக்குப் பிறகு அங்கே நிலையாகத் தங்கிய ஐரோப்பிய மிஷனரி நெடுங்காலம் எவரும் இல்லை. 1816இல் படைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் தேடிப் போய்ப் பார்த்தபோது, துன்புறுத்தலாலும் கொள்ளைநோயாலும் சபைகள் சிறுத்திருந்தன, ஆனால் அழியவில்லை. அவற்றைக் காத்து வைத்திருந்தவர்கள் கல்லூரி வாசலை மிதிக்காத உபதேசியார்கள். 1820இல் வந்த மிஷனரி ரேனியஸ் இதைப் புரிந்துகொண்டவர். சபைகள் பெருகப் பெருகத் தம் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் வேண்டுமென்றும், ஆங்கிலேய ஆயர் ஒருவர் கைவைத்தால்தான் அது செல்லும் என்பதில்லை என்றும் அவர் வாதிட்டார். அவர் சார்ந்திருந்த லண்டன் மிஷன் சங்கமான சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) 1835இல் அவரைப் பணியிலிருந்து விலக்கியது. சபை முறைமை பற்றிய வழக்கு அது என்பார்கள், ஓரளவு உண்மைதான். ஆனால் கிராமத்து மனிதருக்கு அந்தச் சண்டையின் பொருள் வேறு: தன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் அதிகாரம் தன் ஊரில் இருக்குமா, கடல் கடந்து இருக்குமா என்பதே அது.

இப்போது நேர் எதிரான ஒரு முயற்சியைப் பார்ப்போம். 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரி, கீழை நாடுகளில் அக்காலத்தில் இருந்த உயர்கல்விக் கூடங்களில் எதற்கும் இளைத்ததன்று. கணிதம், வானியல், ஆங்கிலம், தமிழ் இலக்கணம் என்று பாடத்திட்டமே பிரமிக்க வைக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே பயின்றவர்கள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராகவே வாழ்ந்து, கலித்தொகையை அச்சேற்றித் தமிழுக்குச் செய்த தொண்டை நாம் அறிவோம். செமினரியின் நோக்கப் பட்டியலில் அது இருந்திருக்க முடியாது! முப்பது ஆண்டுகளில் செமினரி எழுத்தர்களையும் ஆசிரியர்களையும் புலவர்களையும் அரசு ஊழியர்களையும் கொடுத்தது. சபைகளின் முழுப் பொறுப்போ மிஷனரிகளின் கையிலேயே கிடந்தது. அந்த மிஷனின் பாஸ்டன் தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் 1855இல் செமினரியை மூட வைத்தார். ஆங்கிலக் கல்வி மாணவரை அரசாங்க உத்தியோகத்துக்கு இழுக்கிறது, இனித் தாய்மொழியில் கிராம குருமாரைப் பயிற்றுவிப்போம் என்பது அவர் கட்சி. ஆண்டர்சன் நோயின் பாதியைத்தான் கண்டார் என்பது என் கருத்து. பத்தாண்டு படித்து வெளியே வரும் இளைஞனிடம் ஒப்படைக்க ஒரு சபை காத்திருக்கவில்லை. ஒரு மிஷனரியின் கீழ் உதவியாளர் வேலை காத்திருந்தது. அரசாங்கக் கச்சேரியிலோ வேறு சம்பளம், வேறு மதிப்பு. இதில் எதைத் தேர்ந்தெடுப்பான்? அவனுக்கு ஆங்கிலம் தெரியாமல் இருந்தால் கச்சேரிக் கதவு மூடியிருக்கும், அவ்வளவுதான். சபையின் கதவு அதனால் திறந்துவிடாது. கதவை மூடிப் பிடித்து வைக்கும் ஊழியம் என்ன ஊழியம்? யாழ்ப்பாணத்து மக்களே முன்னின்று கேட்டு 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறக்க வைத்தது, ஆண்டர்சனின் முடிவை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் காட்டும்.

பொறுப்பு முதலில், பாடம் பின்னால் என்ற வரிசையை ஒரு திட்டமாகவே வகுத்து நடத்திய நாடு கொரியா. சீனாவில் நெடுங்காலம் உழைத்த ஜான் நீவியஸ் என்ற அமெரிக்கர் 1890இல் சியோலுக்கு வந்து, அங்கிருந்த இளம் மிஷனரிகளோடு இரண்டு வாரம் பேசினார். புதிதாக விசுவாசத்துக்கு வருபவர் தம் தொழிலை விடாமல், தம் ஊரிலேயே இருந்து மற்றவர்களை நடத்தட்டும். வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம் வேண்டாம். ஆலயத்தை அவர்களே தங்கள் வசதிக்கேற்ப, தங்கள் வீட்டுப் பாணியில் கட்டட்டும். எல்லாருக்கும் வேத வகுப்பு நடக்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். சீனாவில் அவருடைய சக ஊழியர்கள் பெரிதாகப் பொருட்படுத்தாத யோசனை இது. கொரியாவில் எடுபட்டது. வயல் வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் விவசாயிகள் தங்கள் அரிசியைத் தாங்களே சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடந்து வேத வகுப்புக்கு வந்தார்கள். 1901இல் பியாங்யாங்கில் தொடங்கிய இறையியல் பள்ளி ஆண்டுக்கு மூன்று மாதம் மட்டும் நடந்தது. இப்படி ஐந்து ஆண்டு. மற்ற ஒன்பது மாதமும் மாணவர் தம் சபையில் இருப்பார். 1907 செப்டம்பரில் ஏழு பேர் பயிற்சி முடித்துக் குருப்பட்டம் பெற்றார்கள். கொரியாவின் முதல் பிரெஸ்பிட்டேரியன் சங்கமும் அப்போதே அமைந்தது. அந்த எழுவரில் ஒருவரும் பச்சைப் பிள்ளை அல்லர். மூப்பர்களாகவும் மிஷனரிகளின் துணைவர்களாகவும் சபைகளை ஏற்கெனவே நடத்தி வந்தவர்கள். குருப்பட்டம் பெற்ற கையோடு அவர்களில் ஒருவரான யீ கீபுங் ஜேஜு தீவுக்கு மிஷனரியாக அனுப்பப்பட்டார். பேச்சு வழக்கும் தெய்வ வழிபாடும் வேறான தீவு அது. பண்பாடு கடந்த பணியை வாங்கிய கை, பட்டம் பெற்ற மறு ஆண்டிலேயே கொடுக்கவும் தொடங்கிவிட்டது.

கொரியாவை இப்படிப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. என் வாதத்துக்கு எதிரான மிகக் கூர்மையான சான்றும் அங்கேதான் இருக்கிறது. 1896இல் வில்லியம் ரெனால்ட்ஸ் என்ற மிஷனரி உள்ளூர்க் குருமார் பயிற்சி பற்றி எழுதிய கட்டுரையில், தொடக்க காலத்தில் அவர்களை அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்ப வேண்டாம் என்றும், அவர்களுடைய கல்வி சுற்றியுள்ள மக்களின் சராசரியைவிடச் சற்றே உயர்ந்திருந்தால் போதும் என்றும் ஆலோசனை சொன்னார். மக்களிடமிருந்து குரு அந்நியப்பட்டுவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பிற்காலக் கொரியர் பலர் இதில் வேறொன்றைக் கண்டார்கள்: கல்வியில் மிஷனரி எப்போதும் ஒரு படி மேலே நிற்பதற்கான ஏற்பாடு இது. இந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளவில்லை. பொறுப்பை முதலில் கொடு என்ற கொள்கை, படிப்பைக் குறைத்துக் கொடு என்ற தந்திரமாக மாற நெடுநேரம் ஆகாது. எளியவர்களுக்கு எளிய படிப்பு போதும் என்று சொல்பவர் தம் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கிறார் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் ரெனால்ட்ஸின் ஆலோசனை நான் சொல்லும் விதியை மீறியதே தவிர அதன் விளைவன்று. எவ்வளவு படிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் பொறுப்பில் சேர்ந்ததுதான். அதை மிஷனரி தம் பையில் வைத்துக்கொண்டார் என்றால், அந்த அளவுக்குப் பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை என்பதே பொருள்.

கல்வி குறைந்தவர் கையில் சபையைக் கொடுத்தால் துர்உபதேசம் நுழையாதா என்ற கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். நான்காம் நூற்றாண்டில் திருச்சபையை உலுக்கிய ஆரியுஸ் அலெக்சாந்திரியா நகரத்து மூப்பர், படித்தவர், வாதத்தில் வல்லவர். தவறான போதனைக்கும் படிப்பறிவுக்கும் இடையே நேர்க்கோட்டு உறவு எதுவும் வரலாற்றில் தென்படவில்லை. படிப்பு வேண்டாம் என்பதும் என் கட்சி அல்ல.

இதைவிடக் கனமான தடை ஒன்று உண்டு. பொறுப்பை முதலில் கொடுத்துப் பார்த்தார்களே, கிரௌதரிடம். என்ன ஆயிற்று என்பார்கள். சாமுவேல் அஜாயி கிரௌதர் யொரூபா இனத்தவர். 1821இல் அடிமை வியாபாரிகளிடம் சிக்கி, மறு ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, சியெரா லியோனின் ஃபோரா பே கல்லூரியின் முதல் மாணவர்களில் ஒருவராகி, 1843இல் குருவாகி, 1864இல் காண்டர்பரியில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். அவரை உயர்த்தியவர் சிஎம்எஸ் செயலர் ஹென்றி வென். உள்ளூர்ச் சபை தன்னைத் தானே ஆளவும் தாங்கவும் பரப்பவும் வேண்டும், மிஷன் அதன்பின் விடைபெற வேண்டும் என்ற கொள்கைக்கு வடிவம் கொடுத்தவர் அவர். வென் 1873இல் மறைந்தார். 1890இல் ஒனிட்சாவில் கூடிய நிதிக்குழுவில் இளம் ஆங்கில மிஷனரிகள், ஆயரின் ஊழியர்களை அவர் முன்னிலையிலேயே ஒழுக்கக் குற்றம் சாட்டி நீக்கினார்கள். முதியவரான கிரௌதர் குழுவிலிருந்து விலகினார். 1891 டிசம்பர் 31இல் காலமானார். அவருக்குப் பின் ஐரோப்பியர் ஒருவரே ஆயரானார். ஆப்பிரிக்கர்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்பதற்கு இந்தக் கதை அரை நூற்றாண்டுக்கு மேற்கோளாகப் பயன்பட்டது.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கிரௌதருக்குக் கொடுத்த பேராயம் எது? அவருடைய சொந்த யொரூபா மக்கள் வாழ்ந்த அபெயோகுட்டாவும் லாகோஸும் அதில் இல்லை. அங்கிருந்த ஆங்கில மிஷனரிகள் ஓர் ஆப்பிரிக்க ஆயரின் கீழ் வேலை செய்ய மறுத்தார்கள். ஆகவே அவை விலக்கப்பட்டு, நைஜர் ஆற்றங்கரை அவருக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே இக்போ மொழி அவருக்கு அந்நியம். அவருடைய ஊழியர்களில் பெரும்பாலோர் ஃப்ரீடவுனிலிருந்து வந்தவர்கள்: ஆங்கிலம் பேசி, கோட்டு அணிந்து, மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பிரசங்கித்தவர்கள். ஒனிட்சாவின் இக்போ மக்களுக்கு அவர்கள் கறுப்பு நிறத்து அந்நியர்கள். தோல் நிறம் ஒன்றானதால் ஒருவர் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவதில்லை; லண்டன் இதைக் கவனிக்கவே இல்லை. ஆற்றில் போக்குவரத்துக்கான கப்பல், ஊழியர் சம்பளம், குற்றச்சாட்டை விசாரிக்கும் குழு ஆகியவற்றின் கடிவாளமும் காலப்போக்கில் ஆயரின் கையை விட்டுப் போயிற்று. அங்கியும் கோலும் மட்டும் மிஞ்சின. ஊழியர்கள்மேல் சாட்டிய குற்றங்களில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை; சிலவற்றில் இருக்கலாம். ஆனால் அவற்றை விசாரித்துத் திருத்தும் அதிகாரம் இல்லாதவரை ஆயர் என்று அழைத்துவிட்டு, பிறகு அவர் திருத்தவில்லை என்று தீர்ப்பெழுதுவது எந்த நியாயம்? நைஜரில் தோற்றது பொறுப்பில்லாத பதவி.

சொந்தப் பண்பாட்டுக்கு வெளியே பணியாற்றிய இன்னோர் ஆயரோடு கிரௌதரை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் முதன்மையானவர். அந்தச் சங்கத்தின் வேலைக்களம் நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல். அசரியா தெலுங்கு கற்று அங்கேயே போய்த் தங்கி, 1912 டிசம்பரில் கல்கத்தாவில் ஆயராக அபிஷேகமானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயர் அவரே. தெலுங்கு மக்களுக்கு அவர் தமிழர். ஆங்கிலம் கற்ற நகரத்து மனிதர். அங்கே திரள் திரளாகச் சபையில் சேர்ந்த மாலா, மாதிகா மக்களுக்குச் சாதியாலும் வேறானவர். கிரௌதரைப் போலவே வெளியூர்க்காரர்தான். ஆனால் தம் ஊழியர்களைத் திருநெல்வேலியிலிருந்து கொண்டு வந்து நிரப்பி அதோடு நிற்கவில்லை. அந்தந்தச் சேரியிலிருந்தே ஆள் எடுத்தார்.

தோர்ணக்கல்லின் கிராம ஆசிரியர் என்பவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அரைகுறையாக எழுத்து வாசிப்புத் தெரிந்த, கூலி வேலை செய்த குடும்பத்து இளைஞர். பகலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, வேலை முடிந்து மக்கள் திரும்பும் இரவில் ஆராதனை. பாட்டும் வேதக் கதையும் விசுவாசப்பிரமாணமும் வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லிக்கொடுப்பதற்காகவே அவர் தாமும் கற்றாக வேண்டும். ஆசிரியர்களைக் கூட்டி அவ்வப்போது நடத்தும் வகுப்புகளில் அவருக்குக் கிடைப்பது அடுத்து ஊரில் சொல்ல வேண்டிய பாடம். மறந்துவிட்டால் ஊர் கேட்கும், தேர்வு அதுதான். அவர் மனைவிக்கும் பயிற்சி உண்டு. பெண்களிடம் பாடம் கொண்டுபோவது அவர் வழியாகவே. அசரியாவின் துணைவியார் அன்பு மரியம்மாள் இந்தப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டார். அறுவடையில் ஒரு பங்கு, சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி என்று காணிக்கை ஊருக்குள்ளேயே திரண்டது. இந்த ஆசிரியர்களில் பல ஆண்டு நின்று நிரூபித்தவர்களைத் தேர்ந்து, தெலுங்கிலேயே இறையியல் கற்பித்து, ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் குருப்பட்டம் கொடுத்தார் அசரியா. 1930களில் அவருடைய பேராயத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஆசிரியர்கள் இருந்தார்கள். இந்தியக் குருமார் நூற்றுக்கும் மேல். ஆங்கிலேயக் குருமாரோ மிகச் சிலர். ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலேயர், பவுல் அப்போஸ்தலர் சில மாதங்கள் மட்டுமே தங்கிச் சபைகளை மூப்பர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனதை எடுத்துக்காட்டித் தம் காலத்து மிஷன்களைச் சாடிய நூலும் 1912இல்தான் வெளியாயிற்று. ஆலன் ஏட்டில் வாதிட்டதை அசரியா கம்மம், வாரங்கல் பக்கத்துச் சேரிகளில் செய்து காட்டிக்கொண்டிருந்தார்.

என் வாதத்தை மிகவும் சங்கடப்படுத்தும் தடை சாதி. உள்ளூர் உள்ளூர் என்று கொண்டாடுகிறீர்களே, உள்ளூர் என்பது யார் என்று கேட்டால் தடுமாற்றம்தான். ஆரோனுக்கு அடுத்த குருவை 1741இல் தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது தரங்கம்பாடியில் இருவர் பெயர் முன்னே நின்றது. ஒருவர் தியோகு. மற்றவர் இராசநாயக்கன்: தஞ்சை அரசரின் படையில் சேவகம் பார்த்து, பின்பு உபதேசியாராகித் துன்பங்களைத் தாங்கிச் சபை வளர்த்தவர், பறையர் குலத்தவர். நான் சொல்லும் அளவுகோலால் பார்த்தால் இராசநாயக்கனை விலக்கக் காரணமே இல்லை. பட்டம் தியோகுவுக்குப் போயிற்று. ஒடுக்கப்பட்டவர் கையிலிருந்து வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்பதே முக்கியக் காரணம். தடுத்தது உள்ளூர்ச் சமூகம், தலையாட்டியவர்கள் ஐரோப்பியர். உள்ளூர்ச் சபையிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தால் ஊரில் ஏற்கெனவே ஆளுகிறவர்கள்தான் சபையையும் ஆளுவார்கள் என்ற அச்சத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் இராசநாயக்கனைக் கண்டுபிடித்ததும் ஒரு படிப்பு முறை அன்று, பணிதான். பட்டத்தை முன்வைக்கும் ஏற்பாட்டில் அவர் பெயர் பரிசீலனைக்கே வந்திராது, வாசலிலேயே கழிந்திருக்கும். யார் உண்மையில் சபையைத் தாங்குகிறார்கள் என்று பார்த்ததால்தான் அவர் வேட்பாளர் ஆனார். பார்த்ததன் முடிவை ஏற்கத் துணிவு இல்லாததால் விலக்கப்பட்டார். அசரியா அந்தத் துணிவைக் காட்டினார். வெளியாருக்கு இங்கே ஒரு பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் பணயம் எதுவும் இல்லாத வெளியார், ஊர் பார்க்க விரும்பாத தலைவரைச் சுட்டிக்காட்டலாம், அவர் பக்கம் நிற்கலாம். பண்பாடு கடந்து வருபவரால் ஆகக்கூடிய பெரிய உதவி பாடம் நடத்துவதாகக்கூட இருக்காது, இதுவாகவே இருக்கலாம். தரங்கம்பாடி மிஷனரிகள் தவறவிட்டது அதைத்தான்.

பட்டம் முதலில் என்ற வரிசையின் விளைவை இருபதாம் நூற்றாண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குவாத்தமாலா பிரெஸ்பிட்டேரியன் செமினரியினர். 1960களின் தொடக்கத்தில் தங்கள் பதிவேட்டைப் புரட்டியபோது, 25 ஆண்டுகளில் செமினரி தயாரித்தவர்களில் பத்துப் பேர்தான் இன்னும் சபைப் பணியில் இருந்தார்கள். கிராமத்திலிருந்து தலைநகருக்கு வந்த இளைஞர்கள் ஊர் திரும்பவில்லை. ஊரில் சபையை நடத்திக்கொண்டிருந்தவர்களோ மனைவி மக்களையும் சோள வயலையும் விட்டுத் தலைநகருக்கு வர முடியாதவர்கள். செமினரியைக் கிராமப்புறத்துச் சான் ஃபெலிப்பேக்கு மாற்றினார்கள், அதுவும் போதவில்லை. 1963இல் ஜேம்ஸ் எமரியும் ரால்ஃப் வின்டரும், சற்றுப் பின் வந்து சேர்ந்த ராஸ் கின்ஸ்லரும் ஆசிரியர்களை ஊருக்கு அனுப்பும் முறைக்கு வந்தார்கள். வாரம் முழுவதும் மாணவர் பாட ஏட்டை வைத்துத் தாமே படிப்பார். வாரம் ஒருநாள் அருகிலுள்ள ஊரில் கூடி, தம் சபையில் அந்த வாரம் எழுந்த கேள்வியோடு ஆசிரியரை எதிர்கொள்வார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பழங்குடி மாயா மக்களுக்கும் பட்டதாரிகளுக்கும் ஒரே பாடம் வெவ்வேறு நிலைகளில். இறையியல் விரிவாக்கக் கல்வி என்ற பெயரில் இது உலகமெங்கும் பரவி, 1970களின் தொடக்கத்தில் பெங்களூருக்கும் வந்தது. இந்தியாவில் அதன் கதி வேறு. இங்கே அந்தப் பாடங்கள் பெரும்பாலும் நகரத்துப் படித்த விசுவாசிகளின் அறிவை வளர்த்தன, நல்லதுதான். ஆனால் சபையை ஏற்கெனவே நடத்தும் கிராமத்து உபதேசியாரைக் குருப்பட்டம் வரை கொண்டுசெல்லும் வழியாக நம் திருமண்டலங்கள் அதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை. முறை வந்தது, அது எந்த நோக்கத்துக்காகப் பிறந்ததோ அது கடலிலேயே நின்றுவிட்டது.

மதுரை அரசரடியில் 1969இல் எழுந்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழ்வழியில் இறையியல் கற்பித்ததும், வகுப்பறைக்கு வெளியே குடிசைப் பகுதிகளில் தங்கிக் கற்கும் காலத்தைப் பாடத்தோடு சேர்த்ததும் பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அங்கே மாணவர் சேரிக்குப் போகிறார். சேரியில் செபக்குழு நடத்துபவர் மாணவராக வருவதில்லை. இன்றும் தென்மாவட்டங்களில் ஒரு சேகர குருவின் கீழ்ப் பல கிராமச் சபைகள் உண்டு. குரு முறைவைத்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், துக்க வீடு, குடிகாரக் கணவனோடு பேச்சு, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு யாரைப் பார்ப்பது என்ற ஆலோசனை எல்லாம் உபதேசியார் தலையில். ஆரோன் காலத்து ஏற்பாடு அப்படியே இருக்கிறது; அதிகாரம் கடல் கடந்து போகாமல் திருமண்டல அலுவலகத்தில் நிற்கிறது, அவ்வளவே மாற்றம்.

பெண்களின் நிலை இதிலும் விசித்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வேதாகமப் பெண்கள் வீடு வீடாகப் போய் எழுத்துக் கற்பித்தார்கள், நோயாளிகளோடு உட்கார்ந்தார்கள், ஆண் ஊழியர் நுழைய முடியாத உள்ளறைகளில் சபையை உருவாக்கினார்கள். கிரௌதருக்குப் பதவி இருந்தது, அதிகாரம் இல்லை. இவர்களுக்குப் பணி இருந்தது, பதவி இல்லை. பொறுப்பு முதலில், அங்கீகாரம் பின்னால் என்று நான் வலியுறுத்தும் வரிசையில் ஓர் ஆபத்து இருப்பதை இவர்கள் காட்டுகிறார்கள்: அந்தப் ‘பின்னால்’ ஒருநாளும் வராமலே போகலாம். தென்னிந்தியத் திருச்சபை 1947இல் அமைந்தது. பெண்களுக்குக் குருப்பட்டம் 1976இல்தான். முதல் பெண் ஆயராக ஈ. புஷ்பலலிதா 2013இல் நந்தியாலில் அபிஷேகமானார். ஒருகாலத்தில் அசரியாவின் ஆயர் எல்லைக்குள் இருந்த பகுதி அது. ஆகவே வரிசையை மாற்றினால் மட்டும் போதாது, காலக்கெடுவும் வேண்டும். இத்தனை ஆண்டு ஒரு சபையைத் தாங்கியவரின் பெயரைச் சேகரக் கமிட்டி குருப்பட்டத்துக்கு முன்மொழிந்தே ஆக வேண்டும், முன்மொழியாவிட்டால் காரணத்தை எழுத்தில் சபைக்கு முன் வைக்க வேண்டும் என்று திருமண்டல விதிகளில் ஒரு வரி சேர்ப்பது அவ்வளவு கடினமல்ல. அந்த எழுத்துக் காரணம் 1741இல் கேட்கப்பட்டிருந்தால், தரங்கம்பாடியில் அதில் கையெழுத்திட எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள்?